கூஜாவைத் திரும்பக் கொண்டு வாருங்கள்

மாலைக் கச்சேரி பாடும் வித்வான்களுக்கும் விதுஷிகளுக்கும்,

வணக்கம். உங்கள் வலது பக்கத்தில் உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறவர்களில் நானும் ஒருவன். 22 மார்கழி சீசன் ஆகிவிட்டது. நம் கச்சேரி மேடைகளில் சேரும் குப்பையைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர் போடவில்லை. போட்டால், இவன் யாரைக் குத்திக் காட்டுகிறான் என்று ஆராய்வதிலேயே இந்த மார்கழியும் போய்விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சபாவில் 'நீர்' என்று தலைப்பு வைத்து ஒரு கச்சேரி. எங்களுக்குப் பின்னால் பத்தடி ஃப்ளெக்ஸ். அதில் குற்றாலமோ வேறெதுவோ, ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பிரதான உருப்படி திருவானைக்காவின் நீர் லிங்கத்தைப் பற்றிய தீட்சிதர் கிருதி. பாட்டு அபாரம், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பாட்டை நிறுத்தி மிருதங்கம் மட்டும் வாசிக்கத் தனி விட்டார்கள். நான் மோரா வைத்து, தனியை முடிக்கிற கோர்வைக்குப் போகிற நேரம், முழங்கால் பட்டு ஒரு தண்ணீர் பாட்டில் சாய்ந்தது. மேடை முன்பக்கம் லேசான சரிவு. பாட்டில் அவசரமே இல்லாமல் உருண்டு, விளிம்பைத் தாண்டி விழுந்து, முதல் வரிசை மாமா ஒருவரின் காலடியில் போய் நின்றது. அவர் தாளம் போட்ட கையை நிறுத்தவில்லை. இன்னொரு கையால் அதை எடுத்து மேடையில் வைத்தார். சபையே சிரித்தது, நானும் சிரித்தேன். தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தேன்.

கச்சேரி முடிந்து மிருதங்கத்துக்கு உறை போடும்போது எண்ணிப் பார்த்தேன். நான்கு பேருக்கு எட்டு பாட்டில். இரண்டைத் திறக்கவே இல்லை. மற்ற ஆறில் ஒரு மடக்கு, இரண்டு மடக்கு குறைந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் தண்ணீரின் பெருமையைப் பாடிவிட்டு அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனோம். கர்ட்டன் இழுக்கிற பையன் ஒரு கறுப்புப் பையில் எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு போனான்.

சீசனில் நடக்கும் கச்சேரிகள் ஆயிரத்துக்கு மேல் என்பார்கள். மேடைக்கு ஆறு என்று வைத்தாலும் ஆறாயிரம் பாட்டில் ஆகிறது. ஊரில் சேரும் குப்பையில் இது தூசு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் 2015 டிசம்பர் 1 இரவு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, நான் பரணில் மிருதங்கங்களை ஏற்றிவிட்டு டார்ச்சோடு படியில் உட்கார்ந்திருந்தேன். கால்வாயிலிருந்து வீட்டுக்குள் மிதந்து வந்தவை பாட்டிலும், கிழிந்த ஃப்ளெக்ஸும், தெர்மாகோலும்தான். ஏற்ற மறந்த ஒரு மிருதங்கம் இரண்டு நாள் ஊறிக் கிடந்தது. தோல் போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டையே வாய் பிளந்துவிட்டது. அன்றைக்கு முதல் எனக்கு இந்தத் தூசுக் கணக்கு ஏறுவதில்லை.

சபா செயலாளர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், செயலாளர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "பாட்டில் வைக்கலைன்னா ஆர்ட்டிஸ்ட் கோச்சுக்குவாங்க சார்" என்றார். அவர் ஆர்ட்டிஸ்ட் என்று சொன்னது என்னை இல்லை, உங்களை. எந்த மைக் வேண்டும், மானிட்டர் எந்தப் பக்கம், கிரீன் ரூமில் வெந்நீர் உண்டா என்றெல்லாம் நீங்கள் அனுப்பும் ஒரு வாட்ஸப் செய்திக்கு சபாவே ஓடுகிறது. அதே செய்தியில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்: மேடையில் பாட்டில் வேண்டாம், ஒரு செம்பும் நான்கு டம்ளரும் வையுங்கள். இதையே நான் சொன்னால் 'வாசிக்க வந்தவனுக்கு வாய் நீளம்' என்பார்கள். நீங்கள் சொன்னால் அடுத்த சபாவும் அதைப் பார்த்துச் செய்யும்.

பழைய கச்சேரிப் படங்களைப் பாருங்கள். பாடகர் பக்கத்தில் வெள்ளியிலோ பித்தளையிலோ ஒரு கூஜா இருக்கும். கொஞ்சம் பிந்திய படங்களில் ஃபிளாஸ்க். சிஷ்யன்தான் அதைத் தூக்கி வருவான். 'கூஜா தூக்கி' என்பது வசைச்சொல் ஆனதில் கூஜாவின் தப்பு ஒன்றுமில்லை. மிளகு போட்ட வெந்நீரோ பாலோ அவரவர் தொண்டைக்குத் தக்கபடி வீட்டிலிருந்தே வந்தது. இன்றைக்கு ஏசி அறையில் ஜில்லென்று இருக்கும் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு மேல் ஸ்தாயிக்குப் போகிறோம்.

இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாக்கெட் அந்தப் பட்டியலில் இருக்கிறது, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் இருக்கிறது. பாட்டில் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர் வாங்கிக் குடித்த பாக்கெட் போயிற்று, மேடைக்கு வரும் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் பொன்னாடை. இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு பீரோ அளவு விஷயம் இருக்கிறது, பீரோவே இருக்கிறது. போன சீசனில் மட்டும் 19 பொன்னாடை. எனக்கே இவ்வளவு என்றால் உங்கள் வீட்டு நிலைமையை யோசிக்கப் பயமாக இருக்கிறது. பெயர்தான் பொன்னாடை. துணி பாலியெஸ்டர். மினுமினுக்கும் சரிகை, உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் இழை. மக்காது, போர்த்தவும் முடியாது, உடம்பில் பட்டால் அரிக்கும். தலையணை உறை தைத்துப் பார்த்தோம். கன்னத்தில் கோடு விழுகிறது. தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவர் வந்தபோது என் மனைவி ஒரு மூட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதுக்கு ஒரு ஸ்பூன்கூட வராதும்மா." 22 வருஷச் சங்கீதத்துக்குக் கிடைத்த மதிப்புரைகளில் நேர்மையானது அதுதான்.

இதில் ஒரு சுழற்சி உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். நமக்குப் போட்டதை நாம் வேறொரு விழாவில் வேறொருவருக்குப் போடுகிறோம். ஒருமுறை, ஓரத்தில் மஞ்சள் கறை இருந்ததால் நான் தெரிந்தே கழித்துக்கட்டிய ஒரு நீலப் பொன்னாடை நான்கு வருஷம் கழித்து ஒரு பாராட்டு விழாவில் என் தோளுக்கே வந்து சேர்ந்தது. கறை அப்படியே இருந்தது. ஒரு வகையில் இதுவும் மறுபயன்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே வருவது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பீரோ எப்படிக் காலியாகும்?

மரியாதை செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கச்சேரி முடிவில் ஒருவர் மேடையேறி வந்து ஏதோ ஒன்றைக் கையில் தருவது நல்ல வழக்கம். தாம்பூலம் தரலாம். கோ-ஆப்டெக்ஸில் ஒரு பருத்தித் துண்டு வாங்கித் தந்தால் நான் மறுநாளே அதை மிருதங்கத்தின் மேல் போர்த்துவேன், வியர்வை துடைப்பேன், கிழிந்தபின் வண்டி துடைப்பேன். நெய்தவருக்கும் நாலு காசு. அரசியல்வாதிகளே பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாம் அவர்களுக்கும் பின்னால் நிற்கிறோம்.

ஃப்ளெக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது பிவிசி. எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும். இத்தனைக்கும் அதில் உங்கள் பெயரும் தேதியும் அச்சாகியிருப்பதால் மறுநாள் அதற்கு வேலையில்லை; நல்ல வேளை என்றால் எங்கேயாவது குடிசைக் கூரைமேல் நீங்கள் சிரித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். சபாவின் பெயரை மட்டும் துணியில் எழுதித் தொங்கவிட்டால் பத்து வருஷம் வரும். பாடுகிறவர் யார் என்பது வந்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஏசி விஷயம் கொஞ்சம் சிக்கல். 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. அந்தக் காலத்துக் கச்சேரிகள் பந்தலில் நடந்தன. ஆயிரம் பேர் அடைந்து உட்காரும் மூடிய அரங்கில் ஏசி இல்லாமல் முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் வருஷத்திலேயே இதமான மாதம் மார்கழி. அந்த மாதத்தில் மாமிகள் சால்வையும் மாமாக்கள் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு நடுங்கியபடி காம்போதி கேட்கிற மாதிரி அறையைக் குளிர வைப்பானேன்? அந்தக் காய்ந்த காற்றில் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் தோல் இறுகிச் சுருதி ஏறுகிறது. பாட்டுக்கு நடுவே சுத்தியலும் மரப் புள்ளுமாக நான் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நீங்கள் திரும்பி முறைப்பது அதனால்தான். உங்கள் தொண்டையும் காய்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 20ஐ 25 ஆக்கச் சொல்லுங்கள். கச்சேரிக்கும் நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் எளிது. இனி வருவது எனக்கே கஷ்டமான இடம்.

பாட்டில், பொன்னாடை, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டு, நாம் ஏறும் விமானங்களை மறு தட்டில் போட்டால், முதல் தட்டு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978இல் தொடங்கியது. அதையொட்டி அமெரிக்கா முழுக்கக் கச்சேரிகள். சென்னையிலிருந்து அங்கே ஓர் ஆள் சாதாரண வகுப்பில் போய் வந்தாலே அவர் பங்குக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. சராசரியாக ஓர் இந்தியர் வருஷம் முழுக்க வெளியிடுவதே ஏறக்குறைய 2 டன்தான். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். எங்கள் வீட்டு மாடி அந்தப் பணத்தில் கட்டியது. நாளைக்கு நீங்கள் கூப்பிட்டால் மறுபடியும் வருவேன். அதனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் போகிற விதம் ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை, நடுவில் ஒரு கல்யாணக் கச்சேரிக்காக மூன்று நாளுக்கு ஒரு முறை என்று போவதற்குப் பதிலாக, வருஷத்துக்கு ஒரே முறை, இரண்டு மாதம், ஊர் ஊராக. அங்கேயே பிறந்து வளர்ந்து நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். எல்லாக் கச்சேரிக்கும் இங்கிருந்தே மிருதங்கத்தை ஏற்றிப் போக வேண்டுமா? என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன் என்பது தெரிந்துதான் கேட்கிறேன்.

உள்ளூரில் இன்னும் சுலபம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத்தில் நாலரை மணி நேரம்கூட ஆவதில்லை. விமான நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, ஏறி, இறங்கி, பெங்களூர் போக்குவரத்தில் ஊருக்குள் வந்து சேர அதே நேரம்தான். ரயிலில் மிருதங்கம் என் கண்முன்னால் இருக்கும். விமானத்தில் அது சரக்கோடு போகும். ஒரு முறை அப்படிப் போய் இறங்கியபோது உறையைப் பிரித்தால் கட்டையில் விரல் நீளத்துக்கு விரிசல். அந்த விமானக் கம்பெனி எனக்கு ஒரு படிவம் தந்தது. படிவத்தில் 'பொருளின் பெயர்' என்ற இடத்தில் மிருதங்கம் என்று எழுதினேன், கவுன்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு 'டோலக்' என்று எழுதிக்கொண்டார். நஷ்ட ஈடு வரவில்லை என்பதைவிட அந்த டோலக்தான் இன்னும் உறுத்துகிறது.

வெளிநாட்டு ராக் இசைக்காரர்கள் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே போடுகிறார்கள். கோல்ட்ப்ளே குழு 2019இல், சூழலைக் கெடுக்காமல் சுற்றுப்பயணம் போக வழி தெரிகிறவரை போவதில்லை என்று அறிவித்தது. 2022இல் கிளம்பினார்கள். 2016-17 பயணத்தோடு ஒப்பிட்டால் ஒரு நிகழ்ச்சிக்கான உமிழ்வு 59 சதவீதம் குறைந்தது என்று 2024இல் சொன்னார்கள். மாஸிவ் அட்டாக் குழு மான்செஸ்டரில் உள்ள டிண்டால் ஆய்வு மையத்தைக் கொண்டு அறிக்கை தயாரிக்க வைத்து, 2024 ஆகஸ்டில் தங்கள் ஊரான பிரிஸ்டலில் பேட்டரி மின்சாரத்தில் ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்திக் காட்டினார்கள், சாப்பாடு உட்பட எல்லாம் தாவர உணவு. சாப்பாட்டு விஷயத்தில் நம் சபா கேன்டீன் அவர்களுக்கு முப்பாட்டன். வாழை இலையில் போளியும் கீரை வடையும் தின்றுவிட்டு இலையை மாட்டுக்குப் போடுகிற இடம் அது. காபி மட்டும் டபராவிலிருந்து பேப்பர் கப்புக்குப் போய்விட்டது. அதையும் திரும்பக் கொண்டு வந்தால் டிகாக்ஷனுக்கே மரியாதை.

அவர்கள் அளவு வேறு, நம் அளவு வேறு என்பது உண்மைதான். லாரி லாரியாக விளக்கும் இரும்பும் நாம் ஏற்றிப் போவதில்லை. அவர்கள் கணக்கில் பெரிய பங்கு, கேட்க வருகிறவர்கள் வந்து போகிற பயணம். நம் ஊரிலும் ஒரு சபாவிலிருந்து இன்னொரு சபாவுக்கு ஆளுக்கொரு காராகத்தான் ஓடுகிறார்கள். ஒன்பதரைக்கு மங்களம் பாடிவிட்டால் 29சி பிடித்துப் போகிற ரசிகர் நிம்மதியாக முழுக்க உட்காருவார். தனி ஆரம்பித்ததும் எழுந்து போகிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்காகத்தான் போகிறார்கள் என்று நான் என்னைத் தேற்றிக்கொள்வது வழக்கம்.

வாத்தியங்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நான் நேர்மையானவன் இல்லை. என் வாத்தியம் பண்ருட்டிப் பலாக் கட்டை, அதன்மேல் ஆடு, மாடு, எருமைத் தோல். இதைச் சுற்றி எவ்வளவு பூசி மெழுகினாலும் விஷயம் அதுதான். ஃபைபர் கட்டையும் செயற்கைத் தோலும் வைத்த மிருதங்கம் வந்திருக்கிறது. சுருதி நிற்கிறது, பயணத்துக்கு நல்லது. நாதம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதுவும் பிளாஸ்டிக்தானே என்ற கேள்வியும் இருக்கிறது. எது மேல் என்று இரண்டு பக்கமும் அடித்துப் பேச என்னால் முடியும். ஆனால் ஒரு பலாக் கட்டை சரியாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு தலைமுறை வரும். என்னிடம் இருப்பதில் ஒன்று என் குருவின் அப்பா வாசித்தது. அது உயிரோடு இருப்பது தோல் மூட்டித் தரும் எங்கள் மூட்டுக்காரரால். தோலை வெட்டி, கழுவி, இழுத்து, நடுவில் கறுப்பு வட்டமாக இருக்கும் கரணைக்கு ஒரு கறுப்புக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிப் பூசித் தேய்த்துக் காய வைத்து, ஒரு வலந்தலைக்கே நாள் கணக்கில் வேலை. அவர் பையன் டெலிவரி வேலைக்குப் போய்விட்டான். அப்பாவுக்குக் கூலி எப்போது வரும் என்று தெரியாத தொழில் அவனுக்கு வேண்டாமாம். தப்பு சொல்ல முடியவில்லை. பழுது பார்க்க ஆள் இருக்கிறவரைதான் எந்தப் பொருளும் குப்பை ஆகாமல் இருக்கும். பக்கவாத்தியக்காரர்களின் சன்மானத்தை சபா மூன்று மாதம் இழுத்தடித்தால், நாங்கள் மூட்டுக்காரரை ஆறு மாதம் இழுத்தடிக்கிறோம். நீங்கள் சபாவிடம் பேசும்போது உங்கள் தொகையோடு எங்கள் தொகையும் அன்றைக்கே வர வேண்டும் என்று சொன்னால், அது ஒரு சூழல் நடவடிக்கை என்று நான் எங்கே வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீடு இடிக்கிற இடங்களுக்குப் போய் ஆச்சா மர உத்தரங்களை வாங்கி வருகிறார்கள். பல வருஷம் காய்ந்த மரம்தான் அவர்களுக்கு வேண்டும். வீட்டைத் தாங்கியது அப்புறம் ராகம் பாடுகிறது. 2022இல் அந்த வாத்தியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எல்லாரும் கைத்திறனைப் பாராட்டினார்கள், அந்த உத்தரத்தை யாரும் பேசவில்லை.

பேசவே கூடாது என்று எல்லாரும் நினைக்கிற ஒன்றும் உண்டு, கையில் பிடித்துத் தட்டும் கஞ்சிரா. உடும்புத் தோல். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் 3 முதல் 7 வருஷம் சிறை. 'இது தாத்தா காலத்துக் கஞ்சிரா' என்று சிரிப்போடு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். தோல் புத்தம் புதிதாக இருந்தது. ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா வந்துவிட்டது, அதில் நன்றாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மிருதங்கத்தோடு கூட வாசிக்கிற உபபக்கவாத்தியம் யார் என்று முடிவு செய்வது நீங்கள். முடிவு செய்யும்போது, என்ன தோல் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே போதும், பாதி உடும்பு பிழைத்துக்கொள்ளும்.

2017இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்தின் சேற்றில் நின்று பாடினார். புறம்போக்கு என்ற சொல்லை ராகத்தில் போட்டது சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அதே கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்த நாட்களில்தான் நாம் சீசனைத் தொடங்கினோம். எல்லாரும் எண்ணூருக்குப் போய்ப் பாட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாராலும் முடியாது, எல்லாருக்கும் அது பொருந்தவும் பொருந்தாது. நான் கேட்பது மேடையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற பொருள்களைப் பற்றித்தான். விமானத்தைத் தவிர. அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இந்த மார்கழியில் உங்களில் மூன்று பேருக்கு நான் வாசிக்கிறேன். தேதி உங்களுக்குத் தெரியும். மிருதங்கப் பையின் பக்க அறையில், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் பூச வேண்டிய ரவைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், ஒரு எவர்சில்வர் ஃபிளாஸ்க் வைத்திருக்கிறேன். டம்ளர் நாலு. வயலினுக்கும் தம்புராவுக்கும் சேர்த்து. சுக்கு போட்ட வெந்நீரா, வெறும் வெந்நீரா என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டால், வீட்டிலேயே போட்டு எடுத்து வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வலது பக்கத்து மிருதங்கக்காரன்